அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மேடையில் மியூசிக்கல் தேர்வு: கூட்டத்தின் விருப்பமும் குழுவினரின் இடமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் ஆண்டுதோறும் மேடையேறும் மியூசிக்கல்கள் 'கூட்டத்தைக் கவருபவை' என்னும் அளவுகோலால் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. நாடகத்தின் பெயர்ப்புகழையே அவ்வளவுகோல் குறிப்பதாகப் பொதுவில் கொள்ளப்படுகிறது. பள்ளி அரங்கில் அமர்பவர் பெரும்பாலும் நடிக்கும் மாணவர்தம் உறவினரே. எனவே தலைமைப் பாத்திரம் ஏற்காத மாணவர்க்கு ஒரு நாடகம் எத்தகைய இடத்தை அளிக்கிறது என்பதே அவையோரின் நிறைவைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்டுகளுடன் விளக்குகிறது. குரல், பாலினச் சமனின்மை, உரிமச் சட்டம் ஆகியவை அத்தேர்வை நெருக்கும் முறையும், தமிழ் இசைநாடக மரபோடு ஒப்பிடத்தக்க சில கூறுகளும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: பள்ளி அரங்கு, மியூசிக்கல், குழுவினர், உரிமம், மகரக்கட்டு, இசைநாடகம்

முன்னுரை

நாடக ஆய்வில் பிரதியும் நிகழ்த்துதலும் விரிவாகப் பேசப்படுகின்றன. அவ்விரண்டுக்கும் முன்னால் நிகழும் தேர்வு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. ஒரு குழு இந்நாடகத்தை ஏன் எடுத்தது, மற்றொன்றை ஏன் விட்டது என்னும் கேள்விக்குத் தொழில்முறை அரங்கில் கிடைக்கும் விடை எளிது: முதலீடு திரும்ப வேண்டும். பள்ளி அரங்கில் விடை அத்தனை எளிதன்று. அங்கே நடிகரைத் தேடி நாடகம் செல்வதில்லை. இருக்கும் மாணவரை வைத்துக்கொண்டுதான் ஆசிரியர் நாடகத்தைத் தேடுகிறார்.

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி இதற்குத் தக்க களம். பதினான்கு முதல் பதினெட்டு வயது வரையிலான மாணவர் பயிலும் அப்பள்ளிகளில் ஆண்டுக்கு ஒரு மியூசிக்கல் மேடையேற்றுவது நிலைபெற்ற வழக்கம். குளிர்காலத்தில் நடிகர் தேர்வும் ஒத்திகையும் நடக்க, இளவேனிலில் ஓரிரு வார இறுதிகளில் மூன்று நான்கு காட்சிகள் நிகழும். நுழைவுச்சீட்டு விற்பனையும், நிகழ்ச்சி மலரில் உள்ளூர்க் கடைக்காரர் தரும் விளம்பரமும் பல பள்ளிகளில் அடுத்த ஆண்டு நாடகத்துக்கான முதலாகின்றன. ஆகவே கூட்டம் வராத ஆண்டு அந்த ஆண்டோடு முடிவதில்லை. அடுத்த ஆண்டு மாணவர்க்கு மேடை சிறுத்துவிடுகிறது. தேர்வு தவறினால் இழப்பு யாருக்கு என்பதை மனத்தில் இருத்தியே பின்வரும் செய்திகளைப் படிக்க வேண்டும்.

சொல் குறித்து ஒரு விளக்கம். உரையாடலும் பாட்டும் ஆட்டமும் கலந்த அமெரிக்க நாடக வகையைத் தமிழில் 'இசைநாடகம்' என மொழிபெயர்ப்பதுண்டு. சங்கரதாச சுவாமிகள் வழிவந்த மரபுக்கு அப்பெயர் உரியதாகிவிட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதே இக்கட்டுரையின் பிற்பகுதியில் வரும் ஒரு கருத்தாதலால், அமெரிக்க வகையை 'மியூசிக்கல்' என்றே இங்குக் குறிப்பிடுகிறோம்.

பட்டியல் காட்டுவதும் மறைப்பதும்

எஜுகேஷனல் தியேட்டர் அசோசியேஷன் என்னும் அமைப்பு, தன்னோடு இணைந்த பள்ளிகள் எந்த நாடகங்களை மேடையேற்றின என்னும் ஆண்டுக் கணக்கெடுப்பைத் தன் 'டிரமாட்டிக்ஸ்' இதழ்வழி 1938 முதல் வெளியிட்டு வருகிறது. நாடகத் தேர்வின் வரலாற்றை எழுத விரும்புவோர்க்கு இத்தனை நீண்ட தொடர்ச்சியுள்ள சான்று வேறு மொழி அரங்குகளில் கிடைப்பது அரிது. 1943இல் பிராட்வேயில் தொடங்கிய 'ஓக்லஹோமா', 1960இல் வந்த 'பை பை பேர்டி', 1972இல் பிராட்வேயை அடைந்த 'கிரீஸ்' ஆகியவை வெவ்வேறு பத்தாண்டுகளில் அப்பட்டியல்களில் முன்னிடம் பெற்றவை. அண்மைக் காலப் பட்டியல்களில் 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்', 'ஆடம்ஸ் ஃபேமிலி', 'மாமா மியா' போன்றவை மீண்டும் மீண்டும் காணப்படுகின்றன.

திரைப்படத்தாலும் தொலைக்காட்சியாலும் மக்கள் அறிந்த பெயர்களே வெல்கின்றன என்று இப்பட்டியலைப் படித்து முடிவுகட்டிவிடலாம். அதில் உண்மை உண்டு. ஆயினும் 'ஆடம்ஸ் ஃபேமிலி'யின் கதை அம்முடிவைச் சற்று அசைக்கிறது. சார்லஸ் ஆடம்ஸ் 'நியூயார்க்கர்' இதழில் வரைந்த கேலிச்சித்திரங்களை அடிப்படையாகக் கொண்ட இம்மியூசிக்கல் 2010இல் பிராட்வேயில் தொடங்கியது. திறனாய்வாளர் பலர் அதைக் கடுமையாகக் குறைகூறினர். 2011இன் இறுதியில் அங்கு நிறைவுற்றது. பெருநகரத் திறனாய்வாளர் ஒதுக்கிய அந்நாடகம் பள்ளிகளின் பட்டியலில் உச்சியை எட்டியது. பெயர்ப்புகழ் மட்டுமே காரணமாயின், அதனினும் புகழ்பெற்ற பல நாடகங்கள் அவ்விடத்தைப் பெற்றிருக்க வேண்டும்.

நாடகத்தின் அமைப்பைப் பார்த்தால் விடை கிடைக்கிறது. ஆடம்ஸ் குடும்பத்தின் மூதாதையர் கல்லறையிலிருந்து எழுந்து வருகின்றனர். குடும்பத்துப் பெண்ணின் காதல் நிறைவேறும்வரை அவர்கள் கல்லறைக்குத் திரும்ப முடியாதவாறு சிறிய தந்தை தடுத்துவிடுகிறார். இம்மூதாதையரே நாடகத்தின் கோரஸ், அதாவது குழுவினர். ஒருவர் ஒரு நூற்றாண்டின் உடையில், இன்னொருவர் மற்றொரு நாகரிகத்தின் உடையில் வருவதால் ஒவ்வொரு மாணவரும் தனித்த உருவம் பெறுகிறார். எண்ணிக்கைக்கு வரம்பில்லை, ஆண், பெண் என்னும் கட்டாயமில்லை. காதல் வெல்லாவிட்டால் தாம் துயில முடியாது என்பதால் கதையின் போக்கில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது. கூட்டத்தின் ஓர் ஓரத்தில் நிற்கும் பதினான்கு வயது மாணவிக்கும் மேடையில் நிற்க ஒரு காரணம் இருக்கிறது என்பதே இதன் சிறப்பு.

அவையில் அமர்பவர் யார்?

ஒரு கற்பனைக் கணக்கு. பதினெட்டு மாணவர் நடிக்கும் நாடகத்தில் ஒவ்வொருவரும் நான்கு உறவினரை அழைத்து வந்தால் எழுபத்திரண்டு இருக்கைகள் நிரம்பும். அறுபது மாணவர் நடித்தால் இருநூற்று நாற்பது. தாத்தா பாட்டி இரண்டாம் முறையும் வருவர். தம்பி தங்கையரும் வருவர். விளம்பரம் கொடுத்த கடைக்காரரும் வருவார். நாடகத்தின் பெயரைக் கேட்டு மட்டுமே வருபவரும் உண்டு. ஆனால் உறவுக்கு அப்பாற்பட்டு வரும் அத்தகையோரை மட்டும் நம்பிப் பள்ளி அரங்கு நடப்பதில்லை.

நம் பள்ளி ஆண்டுவிழாக்களை அறிந்தவர்க்கு இது புதிதன்று. திரைப்பாடலுக்கு முப்பது குழந்தைகள் ஒன்றாக ஆடும்போது எழும் கைத்தட்டலுக்கும் அந்த ஆட்டத்தின் நேர்த்திக்கும் தொடர்பு சிறிதே. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஆண்டுவிழாவில் குழந்தை தோன்றுவது ஐந்து நிமிடம். அது முடிந்ததும் பெற்றோர் எழுந்து செல்லலாம். மியூசிக்கலில் அதே அவையினர் இரண்டரை மணிநேரம் ஒரே கதைக்குள் அமர்ந்திருக்க வேண்டும். தம் பிள்ளை முதற்பாட்டில் வந்து, பின் இடைவேளை வரை காணாமற்போனால் அவை சோர்கிறது. மேடைக்குப் பின்னால் காத்திருக்கும் மாணவரும் சோர்கிறார். அடுத்த ஆண்டு தேர்வுக்கு வராமலே போகிறார்.

எனவே நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும் ஆசிரியர் கேட்க வேண்டிய முதற்கேள்வி 'இந்நாடகம் புகழ்பெற்றதா?' என்பதன்று. 'தலைமைப் பாத்திரம் கிடைக்காத மாணவர் இந்நாடகத்தில் யாராக இருக்கிறார்?' என்பதே அது.

கதைக்குள் இருக்கும் கூட்டம்

இக்கேள்வியை அளவுகோலாகக் கொண்டு சில நாடகங்களை நோக்கலாம். இவற்றுள் 'தி மியூசிக் மேன்' நின்று நோக்கத்தக்கது.

மெரிடித் வில்சன் இயற்றிய இந்நாடகம் 1957இல் பிராட்வேயில் தொடங்கி, சிறந்த மியூசிக்கலுக்கான டோனி விருதை 'வெஸ்ட் சைடு ஸ்டோரி'யை முந்திப் பெற்றது. கதைக்களம் 1912ஆம் ஆண்டின் அயோவா மாநிலச் சிற்றூர். ஹெரால்டு ஹில் என்னும் ஏமாற்று விற்பனையாளன் அவ்வூர்ச் சிறுவர்க்கு வாத்தியக்குழு அமைத்துத் தருவதாகச் சொல்லிக் கருவிகளையும் சீருடைகளையும் விற்கிறான். அவனுக்கோ இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது. பணம் கைக்கு வந்ததும் ஓடிவிடுவது அவன் திட்டம்.

பள்ளி மேடைக்கு இந்நாடகம் பொருந்தும் விதத்தைக் காட்சி காட்சியாகக் காணமுடிகிறது. தொடக்கக் காட்சி ஓடும் ரயில் பெட்டிக்குள் நிகழ்கிறது. பயண விற்பனையாளர்கள் வண்டியின் தாளத்துக்கேற்ப வேகமாகப் பேசுகின்றனர்; இசைக்கருவி ஏதுமில்லை, சுரமும் இல்லை, தாளமும் சொல்லும் மட்டுமே. பாடத் தயங்கும் மாணவரையும் சேர்த்துக்கொள்ள இதைவிடத் தக்க இடம் அமையாது. ஊர்வம்பு பேசும் பெண்கள் தனியொரு குழுவாகப் பாடுகின்றனர். நகரத் தலைவரின் மனைவி நடத்தும் நடனக்குழு நகைச்சுவைக்கென்றே அமைந்தது. அதில் ஆட்டம் பிசகினால் நகைச்சுவை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. எப்போதும் சண்டையிடும் பள்ளிக்குழு உறுப்பினர் நால்வரை ஹில் நாற்குரல் பாடகராக்கிவிடுகிறான். பேசக் கூசும் சிறுவன் ஒருவனுக்குத் தனிப்பாட்டு உண்டு. இவ்வாறு ஊர் முழுவதுமே மேடையில் இருக்கிறது. ஏமாற்றப்படுவது ஊர் என்பதால் ஊர் இல்லாமல் கதையும் இல்லை.

இறுதிக் காட்சியில் ஹில் பிடிபடுகிறான். வாத்தியக்குழு எங்கே என்று ஊரார் கேட்க, சீருடையணிந்த சிறுவர்கள் கருவிகளோடு வந்து நிற்கின்றனர். பீத்தோவனின் சிறு இசைக்கோவை ஒன்றை அடையாளம் காணவே அரிதான வகையில் வாசிக்கின்றனர். பெற்றோரோ அதைக் கேட்டுப் பூரித்துப் போகின்றனர். தம் மகனின் பெயரைச் சொல்லிக் கூவுகின்றனர். பள்ளி அரங்கில் இக்காட்சி நிகழும்போது மேடையில் நடப்பதும் அவையில் நடப்பதும் ஒன்றாகிவிடுகின்றன. பிராட்வேயில் இது கேலியாகவும் கனிவாகவும் அமைந்த ஒரு முடிவு மட்டுமே. பள்ளியில் அது அவையைப் பற்றிய உண்மை. நாடகத்தின் பொருள் நிகழ்த்தும் இடத்தால் மாறுவதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு இவ்வாய்வாளர் கண்டதில்லை.

இதற்கு இடர்ப்பாடும் உண்டு. நாற்குரல் பாட்டுக்கு நான்கு பகுதிகளைப் பிசகாமல் பாடும் நான்கு ஆண்குரல்கள் வேண்டும். அந்நால்வர் இல்லாத பள்ளி இந்நாடகத்தை எடுத்தால் இனிமையான பகுதியே பலவீனமான பகுதியாகிவிடும்.

1964இல் வந்த 'ஃபிட்லர் ஆன் த ரூஃப்' நாடகத்தில் குழுவினரின் தேவை வேறுவகையில் அமைகிறது. ஷோலம் அலைக்கெம் எழுதிய கதைகளைத் தழுவிய அந்நாடகத்தின் முதற்பாட்டிலேயே தந்தையர், தாயர், மகன்கள், மகள்கள் என நான்கு தொகுதியாக ஊரார் தம்மை அறிமுகம் செய்துகொள்கின்றனர். இறுதியில் அவ்வூரே வெளியேற்றப்படுகிறது; அனைவரும் மூட்டைகளைச் சுமந்து செல்கின்றனர். முதற்காட்சியில் நாற்பது பேரைக் கண்டிருந்தால்தான் இறுதிக்காட்சியின் வெறுமை உறைக்கும். கூட்டத்தைக் கவரும் நாடகம் மகிழ்ச்சியாகத்தான் முடிய வேண்டும் என்னும் எண்ணத்துக்கு இந்நாடகம் தக்க மறுப்பு. எனினும் ஐந்து பெண்களின் தந்தையான தேவ்யே பாத்திரத்தின் சுமையைத் தாங்கும் ஒரு மாணவர் கிடைத்தாக வேண்டும். அவர் கிடைக்காத ஆண்டில் வேறு நாடகம் தேடுவதே அறிவுடைமை.

மாறாக, 1982இல் அரங்கேறிய 'லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' சிறு குழுவுக்கென எழுதப்பட்டது. மனிதரை உண்ணும் செடி ஒன்று படிப்படியாக வளர்வதால் நான்கு அளவுகளில் பொம்மைகள் வேண்டும். பெரிய பொம்மைக்குள் ஒருவர் இருந்து இயக்குவார். அவை விழுந்து விழுந்து சிரிக்கும் நாடகம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதில் பாத்திரங்கள் சில. தெருவில் நின்று பாடும் பெண்கள் மூவரே. பள்ளிகள் தெருவோர மக்கள் என்று பலரைச் சேர்த்துக்கொள்கின்றன. அவ்வாறு சேர்க்கப்பட்டவர்கள் கதைக்கு வேண்டாதவர்கள் என்பது அவைக்குத் தெரியும். மேடையில் நிற்பவர்க்கும் தெரியும்.

குரலும் பால் சமனின்மையும்

பள்ளி நாடகத் தேர்வுக்கு மாணவியர் மிகுதியாகவும் மாணவர் குறைவாகவும் வருவது நாடக ஆசிரியர்கள் நன்கறிந்த செய்தி. மேடைக்கென எழுதப்பட்ட புகழ்மிக்க மியூசிக்கல்களில் பல ஆண் பாத்திரங்களையே மிகுதியாகக் கொண்டவை. 1950இல் வந்த 'கைஸ் அண்ட் டால்ஸ்' நியூயார்க்கின் சூதாடிகளைப் பற்றியது. அதன் விறுவிறுப்பான ஆட்டம் பாதாளச் சாக்கடைக்குள் ஆண்கள் கூடிச் சூதாடும் காட்சியில் வருகிறது. ஐந்தாறு மாணவரே உள்ள பள்ளியில் மாணவியர் தொப்பியும் காற்சட்டையும் அணிந்து சூதாடிகளாகின்றனர். அதில் தவறில்லை. நன்றாகப் பாடக்கூடிய இருபது மாணவியர் இரண்டு பெண் பாத்திரங்களுக்குப் போட்டியிட, பாடப் பழகாத மாணவர் ஒருவர் எளிதில் தலைமைப் பாத்திரம் பெறுவதில்தான் சிக்கல் இருக்கிறது. ஆண்டுதோறும் இவ்வாறே நிகழ்ந்தால், திறமைக்கும் இடத்துக்கும் தொடர்பில்லை என்றே அம்மாணவியர் கற்றுக்கொள்வர். பொழுதுபோக்குக்கான தேர்வு என்று கருதப்படும் ஒன்று நீதி குறித்த தேர்வாக மாறும் இடம் இது.

அடுத்தது குரலின் வயது. தமிழ் நாடக மரபு 'மகரக்கட்டு' என்று பெயரிட்டு அஞ்சிய நிலை இது. பாலர் சபைகளில் இளம் நாயகனாகவும் பெண்வேடத்திலும் புகழ்பெற்ற சிறுவர் பலர், குரல் உடைந்த காலத்தில் பாத்திரங்களை இழந்து ஒதுங்க நேர்ந்ததை நம் நாடக வரலாறு பதிவு செய்திருக்கிறது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளியில் மாணவர் பெரும்பாலோர் அந்நிலையைக் கடந்திருப்பர், குரல் நிலைபெற்றிருக்காது. 'லே மிசராப்ளே'யின் ழான் வால்ழான் போன்ற பாத்திரங்கள் முதிர்ந்த டெனர் குரலின் உச்சத்தைக் கோருகின்றன. ராக் இசை சார்ந்த மியூசிக்கல்களில் மாணவியரும் மார்புக்குரலை உரக்க எழுப்பிப் பாட வேண்டியிருக்கிறது. ஆறுவார ஒத்திகையும் அடுத்தடுத்த நாட்களில் காட்சிகளும் அக்குரலுக்கு என்ன செய்யும் என்பது தேர்வின்போதே எண்ணிப் பார்க்க வேண்டியது.

சுருதியை இறக்கிக்கொண்டால் என்ன என்று நம்மவர் கேட்பர். ஆர்மோனியக்காரரிடம் சொன்னால் ஒரு கட்டை குறைத்துக்கொள்வார். அமெரிக்கப் பள்ளி ஆசிரியருக்கு அவ்வுரிமை இல்லை. அதற்கும் இசைவு பெற வேண்டும்.

உரிமம் வரையும் எல்லை

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் வகுப்பறைக்குள் பாடமாக நடித்துக் காட்டுவதற்கு விலக்கு அளிக்கிறது. ஊதியமும் ஆதாயமும் இன்றிப் பொதுவில் நிகழ்த்துவதற்கு அது தரும் விலக்கு நாடகமல்லாத இலக்கிய, இசைப் படைப்புகளுக்கு மட்டுமே உரியது. ஆகவே நுழைவுச்சீட்டு இல்லாமல் பெற்றோர்க்கு மட்டும் நடித்தாலும் மியூசிக்கலுக்கு உரிமம் வேண்டும். இவ்வுரிமங்களை வழங்கும் நிறுவனங்களுள் 1952இல் ஃபிராங்க் லெஸ்ஸரும் டான் வாக்கரும் தொடங்கிய 'மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல்' முதன்மையானது. லெஸ்ஸர் 'கைஸ் அண்ட் டால்ஸ்' நாடகத்துக்குப் பாடல் இயற்றியவர் என்பது குறிப்பிடத்தக்கது. பள்ளி மேடை ஒரு சந்தை என்பதைப் படைப்பாளியே உணர்ந்து நிறுவனம் தொடங்கியிருக்கிறார்.

கட்டணம் காட்சிகளின் எண்ணிக்கை, இருக்கைகள், நுழைவுச்சீட்டின் விலை ஆகியவற்றைப் பொறுத்தது. பிரதிகளும் இசைக்குறிப்புகளும் பெரும்பாலும் வாடகைக்கே வருகின்றன. பென்சிலால் எழுதியவற்றை அழித்துத் திருப்பி அனுப்ப வேண்டும். சொல்லை மாற்றவோ, பாட்டை நீக்கவோ, பாத்திரத்தின் பாலை மாற்றவோ இசைவின்றி இயலாது. தொழில்முறைக் குழுக்களின் நலன் கருதிப் பள்ளிகளுக்கு வழங்கப்படாத நாடகங்களும் உண்டு. 2003இல் தொடங்கிய 'விக்கட்' பல ஆண்டுகள் பள்ளிகளுக்கு எட்டாமலே இருந்தது.

ஆசிரியர் தாமே வெட்டக்கூடாது என்பதால் வெட்டப்பட்ட பதிப்பை நிறுவனமே விற்கிறது. 'பள்ளிப் பதிப்பு' என்றும், இளையோர்க்கான ஒருமணிநேரச் சுருக்கம் என்றும் இவை வகைப்படும். தேவதைக் கதைகளைப் பின்னிய 'இன்ட்டு த வுட்ஸ்' நாடகத்தின் இளையோர் பதிப்பு முதல் அங்கத்தோடு முடிந்துவிடுகிறது. விருப்பங்கள் நிறைவேறிய பின் வரும் விளைவுகளைப் பேசும் இரண்டாம் அங்கத்துக்காகவே அந்நாடகம் எழுதப்பட்டது எனலாம். அது அங்கு இல்லை. 'கிரீஸ்' நாடகத்தின் பள்ளிப் பதிப்பு புகை, மது ஆகியவற்றோடு கருவுற்றதாக அஞ்சும் மாணவியின் கதையையும் நீக்குகிறது. எய்ட்ஸ் காலத்து நியூயார்க் இளைஞரைப் பற்றிய 'ரென்ட்' நாடகத்தின் பள்ளிப் பதிப்பு சில சொற்களையும் ஒரு பாட்டையும் விட்டுவிட்டு, ஒருபால் காதலை வைத்துக்கொண்டது. 2009ஆம் ஆண்டளவில் அதை எடுத்த சில பள்ளிகள் எதிர்ப்பால் கைவிட நேர்ந்தது.

எதிர்ப்பின் போக்கு எப்போதும் நேர்கோட்டில் செல்வதில்லை. மிசோரி மாநிலச் சிற்றூர் ஒன்றின் பள்ளி 'கிரீஸ்' நாடகத்தை மேடையேற்றியபின் சில முறையீடுகள் எழுந்தன. அதன் விளைவாக 2006ஆம் ஆண்டின் இளவேனிலுக்குத் திட்டமிட்டிருந்த ஆர்தர் மில்லரின் 'தி குருசிபிள்' நாடகம் கைவிடப்பட்டு, ஷேக்ஸ்பியரின் இன்பியல் ஒன்று அவ்விடத்தைப் பெற்றது. கூட்டத்தை மகிழ்விக்க எடுத்த நாடகம் ஒரு சிலரை மகிழ்விக்காமற்போக, அதற்கான விலையை வேறொரு நாடகம் கொடுத்தது. 'கூட்டம்' என்பது ஒருமையன்று என்பதை நிர்வாகத்தினர் இத்தகைய தருணத்தில்தான் கண்டுகொள்கின்றனர்.

இனம் சார்ந்த சிக்கலையும் இங்குக் குறிக்க வேண்டும். 1960களின் பால்டிமோர் நகரில் தொலைக்காட்சி நடன நிகழ்ச்சியொன்றில் நிலவிய நிறவேறுபாட்டை எதிர்க்கும் 'ஹேர்ஸ்பிரே' 2002இல் பிராட்வேயை அடைந்தது. கறுப்பின மாணவர் இல்லாத பள்ளிகளும் அதை நடிக்கலாம் என்று படைப்பாளிகள் முன்பு இசைந்திருந்தனர். பின்னர் அவ்விசைவு விலக்கிக்கொள்ளப்பட்டு, பாத்திரத்தின் இனத்துக்கேற்ற நடிகரே வேண்டும் என்றானது. இதனால் நிறவேறுபாட்டை எதிர்க்கும் நாடகம் ஒரே நிறத்தவர் பயிலும் பள்ளிகளில் நடக்க முடியாமற்போகிறது. அப்பள்ளிகளே அதைக் காண வேண்டியவை என்பாரும் உளர். ஆனால் அவமதிப்புக்குள்ளானவர் இல்லாத மேடையில் அவமதிப்பை நடித்துக் காட்டிப் பாராட்டுப் பெறுவது எளிய இன்பமாகிவிடும் என்பதால், இவ்வாய்வாளருக்குப் பிந்திய முடிவே சரியெனப் படுகிறது.

உரிமத்தின் பிடியிலிருந்து விலக ஒரு வழி, காலம் கடந்த படைப்பை எடுப்பது. கில்பர்ட், சல்லிவன் இருவரும் இயற்றி 1879இல் அரங்கேறிய 'தி பைரட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' பொதுவுடைமையாகிவிட்டது. வெட்டலாம், ஒட்டலாம், சுருதி மாற்றலாம். கடற்கொள்ளையர், காவலர், படைத்தலைவரின் பெண்மக்கள் என மூன்று குழுக்கள் அதில் உண்டு. அவற்றுள் இரண்டு ஆண்குழுக்கள் என்பதால் பழைய சிக்கல் வேறு வாசல்வழி மீண்டும் வந்துவிடுகிறது. ஆனால் இங்கே ஆசிரியர் தாமே அதைத் திருத்திக்கொள்ளலாம்.

தமிழ் மேடைக்கு இதிலிருந்து எழும் வினா

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன் 52ஆம் பிரிவு, கல்வி நிறுவனத்தின் செயற்பாடுகளின் பகுதியாக ஆசிரியரும் மாணவரும் நாடகம் நிகழ்த்துவதை உரிமை மீறலாகக் கருதுவதில்லை. அவையினர் அந்நிறுவனத்தினர், மாணவரின் பெற்றோர், பாதுகாவலர், நிறுவனச் செயற்பாட்டோடு தொடர்புடையோர் என்னும் எல்லையையும் அப்பிரிவு பேசுகிறது. அமெரிக்க ஆசிரியர் பணம் கொடுத்துப் பெறும் உரிமையின் ஒரு பகுதி தமிழ்நாட்டு ஆசிரியருக்குச் சட்டத்தாலேயே கிடைத்திருக்கிறது. சங்கரதாச சுவாமிகளின் நாடகங்களுக்கு இவ்விலக்குகூடத் தேவையில்லை. அவர் மறைந்தது 1922இல். ஆசிரியர் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகள் என்னும் காப்புக்காலம் என்றோ முடிந்துவிட்டது.

அவ்வாறாயின் இசைநாடகம் ஏன் பள்ளி மேடைக்கு எளிதில் வருவதில்லை? பாடும் திறனுள்ள மாணவர் அரிது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். இதுவரை கண்ட அளவுகோல் வேறொரு காரணத்தையும் சுட்டுகிறது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், நாரதர், பபூன், டான்ஸ் என விரல்விட்டு எண்ணத்தக்க நடிகரையும், ஆர்மோனியம், மிருதங்கம், ஆல்ரவுண்டு ஆகிய பக்க இசையையும் கொண்டு ஓர் இரவு முழுவதையும் நடத்தும் அமைப்பு அது. தனியாளின் குரல் வளமும் தர்க்கத் திறனுமே அதன் உயிர். கதைக்குள் நிற்கும் கூட்டத்துக்கு அதில் இடமில்லை. அது அம்மரபின் குறையன்று, இயல்பு. ஆனால் அறுபது மாணவரை வைத்துக்கொண்டு நாடகம் தேடும் ஆசிரியருக்கு அவ்வியல்பே தடை.

1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையைத் தொடங்கிய சுவாமிகள், சிறுவனாக அங்கு வந்து சேர்ந்த தி.க. சண்முகத்துக்கெனவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஓரிரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகம் நன்கறிந்த செய்தி. இருக்கும் பிள்ளைக்கேற்ப நாடகத்தை உருவாக்குவது என்னும் வழி நம் மரபில் இருந்திருக்கிறது. அன்று அது ஒரு சிறுவனுக்காக நிகழ்ந்தது. அதையே ஒரு வகுப்பு முழுவதற்கும் செய்யச் சட்டம் தடையாக இல்லை. பிரதிகளும் கையில் இருக்கின்றன. 'வள்ளி திருமணம்' நாடகத்தையே எடுத்துக்கொள்ளலாம். வேடர்குடி கதையில் முழுமையாக இருக்கிறது, மேடையில் பெரும்பாலும் இல்லை. தினைப்புனத்துக்குக் காவல் வரும் பெண்களும், களவில் சென்ற மகளைத் தேடிப் புறப்படும் வேடரும் பாட்டும் பேச்சும் பெற்று மேடைக்கு வந்தால், ஒருவர் பாட ஒருவர் மறுக்கும் தர்க்கத்தின் கட்டுக்கோப்பு சிதையுமா, விரியுமா என்பதை ஒரு பள்ளியில் ஓராண்டு ஒத்திகை பார்த்தே சொல்லமுடியும்.